வெடித்த சந்தனப் பொட்டு

அத்தியாயம் 7

"இதுதான் பொணமா மேடம்?" என்று கேட்டார் பக்கிரி.

மேசைமேல் ஒரு பழைய லேப்டாப் மூடிக் கிடந்தது. மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சுற்றி நின்ற நாலு பேரும் எழவு வீட்டுக்கு வந்து, அழலாமா காப்பி கேட்கலாமா என்று தெரியாமல் முழிக்கிறவர்களைப் போல நின்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தால் யாருக்குத்தான் அந்தக் கேள்வி வராது, சொல்லுங்கள்.

"தொடாதீங்க பக்கிரிண்ணே," என்றாள் முபீனா.

"தொடலீங்க. மூக்க மட்டும்தான் கிட்டக் கொண்டுபோனேன்."

முபீனாவை இப்போதுதான் பார்க்கிற கண்ணுகளுக்காக இரண்டு வரி. விருத்தாசலம் பாலக்கரையில் டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். வயது முப்பத்தெட்டு. வீட்டுக்காரர் குவைத்தில். தொலைந்த ஆட்டிலிருந்து, துபாயில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிற மாப்பிள்ளை வரைக்கும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். பக்கிரி அவளுடைய உதவியாளர். இருபத்திரண்டு வருஷம் விருத்தாசலம் – ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோய் இந்த வேலைக்கு வந்தவர். முழங்கால்தான் தேய்ந்தது. வாய் அப்படியே புதுசாக இருந்தது.

"நேத்து என் மானமே போச்சும்மா," என்றார் கம்பெனி முதலாளி பழமலைநாதன்.

"எது வரைக்கும் போச்சுங்க? ஸ்ரீமுஷ்ணம் தாண்டியா, இந்தப் பக்கமா?"

முபீனா பக்கிரியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அது எத்தனை நேரம் மூடியிருக்கும் என்பது அவருக்கே தெரியாது.

பழமலைநாதனின் கட்டடத்தில் கீழே சூளை. அகல்விளக்கு, பிள்ளையார் பொம்மை, கரண்டுக் கம்பத்துப் பீங்கான் எல்லாம் அங்கே வேகும். மேலே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். சூளையின் சூட்டைக் கணக்கெடுக்க ஒரு ப்ரோகிராம் வேண்டும் என்று மூன்று பேரை வேலைக்கு வைத்தார். ப்ரோகிராம் முடிந்தது. பிள்ளைகளை அனுப்ப மனசு வரவில்லை. வெளி வேலைகளும் எடுத்துச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

"கடலூர்ல பதினோரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறவரு ஒருத்தரு. இருநூறு மெஷின் வெச்சிருக்காரு, அத்தனையும் பழசு. பசங்க ப்ரோகிராம் எழுதிப் பழக எந்த எடிட்டர் போட்டா நல்லாருக்கும்னு கேட்டு வந்தாரு."

"எடிட்டர்னா பத்திரிகை ஆபீஸ்ல கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பாரே, அவரா?" என்றார் பக்கிரி.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற இளைஞன் முகம்மது அஷ்ஃபாக் பதறிப்போனான். "இல்லண்ணே! ப்ரோகிராம் எழுதுற சாஃப்ட்வேரு. இப்ப வி.எஸ். கோடு இருக்குதுல்ல, அதுல தப்பா எழுதினா கீழ செவப்புக் கோடு போடும். பாதி எழுதினா மீதிய அதுவே எடுத்துக் குடுக்கும். கூடுதலா ஒட்டிக்க ஆயிரம் எக்ஸ்டென்ஷன் இருக்குது. நான் நாப்பத்தாறு போட்டிருக்கேன்."

"அதுல நாப்பது கலர் மாத்துறதுக்கு," என்றாள் அந்தப் பக்கம் நின்ற பூங்கோதை. "என்னோட எடிட்டரு விம் பாருங்க சார். துளியூண்டு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். மவுஸே வேணாம். என் மவுஸு மூணு வருஷமா டிராயர்ல தூங்குது."

"உள்ள போறது சுலபம். வெளிய வர வழி தெரியாம மொத நாளு இவ சுவிட்சையே அணைச்சா. அதச் சொல்லச் சொல்லுங்க லாத்தா," என்றான் அஷ்ஃபாக், முபீனாவை அக்கா முறை வைத்து.

பக்கிரிக்கு விஷயம் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. "அட, இது நம்ம லைனு! வி.எஸ். கோடுங்கிறது டிவி, ஃபேன், தண்ணி பாட்டிலு எல்லாம் இருக்கிற பெரிய பஸ்ஸு. கெளம்பக் கொஞ்சம் நேரமாவும், ஆனா உக்காந்தா சொகம். விம்முங்கிறது கதவே இல்லாத பஸ்ஸு. ஓடற ஓட்டத்துல ஏறிக்கலாம், எறங்கத் தெரிஞ்சவன் மட்டும் எறங்கிக்கலாம். சரிதானே?"

இரண்டு பேருக்கும் கோபம் வந்தது. ஆனால் தப்பு என்று இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

"நேத்து என்ன நடந்துதுன்னு சொல்லுங்க," என்றாள் முபீனா.

பழமலைநாதன் சொன்னார். ஒரே லேப்டாப். ஒரே ஃபைல், சூளையின் ஒரு வருஷத்துச் சூட்டுக் கணக்கு, நாலு லட்சம் வரி. ஒவ்வொரு எடிட்டரிலும் அந்த ஃபைலைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடலூர்க்காரர் முன்னாலேயே பார்ப்பது. காலையில் வி.எஸ். கோடு ஒன்பது விநாடி. ஸப்லைம் மூன்று. ஸெட் இரண்டரை. விம் ஒன்றரை. பிறகு சாப்பாட்டு இடைவேளை. இடைவேளைக்குப் பிறகு தும்பி.

"தும்பியா?"

"இவ எழுதினது." பழமலைநாதன் நாலாவதாக நின்ற பெண்ணைக் கையால் காட்டினார். கயல்விழி. இருபத்திநாலு வயசு. இத்தனை நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றவள். "ரெண்டு வருஷமா ராவும் பகலுமா உக்காந்து சொந்தமா ஒரு எடிட்டர் எழுதியிருக்காம்மா. மெனு பூரா தமிழு. தப்பு பண்ணினா தமிழ்லயே சொல்லும். பழைய மெஷின்ல பறக்கும்னா. முந்தாநாளு எனக்குக் காட்டினா, ரெண்டே விநாடி! நேத்து அந்த ஆளு முன்னால எவ்வளவு தெரியுமா? பத்தொம்போது! சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்குது. அந்த மனுசன் கொட்டாவி விட்டாரும்மா."

"அப்ப தும்பி பறக்கல. நடந்து வந்திருக்குது," என்றார் பக்கிரி.

கயல்விழியின் உதடு லேசாகத் துடித்தது. பக்கிரிக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"கடலூர்க்காரரு கருவேப்பிலங்குறிச்சியில சொந்தக்காரங்க வூட்டுல தங்கியிருக்காரு. இன்னிக்கி நாலு மணிக்கு ஊருக்குத் திரும்பறப்ப ஒரு எட்டு எட்டிப் பாக்கறேன்னாரு. ஒண்ணு, நேத்து யாரோ திருட்டு வேல பண்ணி தும்பியக் கெடுத்திருக்கணும். இல்ல, முந்தாநாளு இவ என் காதுல பூ சுத்தியிருக்கணும். யாரு ஏமாத்துனதுன்னு நாலு மணிக்குள்ள தெரிஞ்சாகணும். தெரியலன்னா தும்பிய மூட்டகட்டி வெச்சிட்டு, இவளும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

மணி பதினொன்றரை.

"உனக்கு யாரு மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா?" என்று முபீனா கயல்விழியைக் கேட்டாள்.

"இல்லீங்க."

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கிரியின் காது விடைத்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் கண்ணுகளா! டிக்கெட் எடுக்காதவன் கண்டக்டர் கிட்டே வரும்போது ஜன்னல் பக்கம்தான் திரும்புவான். அவர் முபீனாவின் காதில் கிசுகிசுத்தார்: "மேடம், பொண்ணு எதையோ மறைக்குது."

"தெரியும். மெதுவாப் பேசுங்க, உங்க கிசுகிசு கீழ சூளைக்குக் கேக்குது."

லேப்டாப்பை நேற்றே பழமலைநாதன் பீரோவில் வைத்துப் பூட்டி, இன்று காலையில்தான் வெளியே எடுத்திருந்தார். முபீனா அதன் முன்னால் குனிந்து நிமிடக் கணக்கில் பார்த்தாள். திறக்கவில்லை. மூடியையே பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அதிலும் ஒரு சந்தனப் பொட்டு. வாசல் நிலையைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

"சந்தனம் யாரு வெச்சாங்க?"

"நான்தாம்மா. நேத்து காலைல ஒம்போதரைக்கு, நல்ல நேரத்துல. மூணுக்கும் ஒரே கிண்ணத்துல கொழச்சது. கெட்டியா வெச்சதால மத்தியானம் வரைக்கும் ஈரமாவே இருந்துது."

"அப்படின்னா இது மட்டும் ஏன் இப்படி இருக்குது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடிகாரத்துப் பொட்டு காய்ந்து வழவழவென்று வட்டமாக இருந்தது. நிலையில் இருந்ததும் அப்படியே. லேப்டாப் மூடியில் இருந்த பொட்டு மட்டும் கோடை மாதத்து ஏரி மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

பழமலைநாதன் நாற்பது வருஷம் மண்ணோடு பழகினவர். யோசிக்காமலே வாயில் பதில் வந்துவிட்டது. "அவசரமாக் காஞ்சிருக்குதும்மா. மெதுவாக் காயற மண்ணு வெடிக்காது. சூடு பட்டுன்னு தாக்கினா…" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "சூடா? லேப்டாப்புக்கு ஏது சூடு?"

"ஓடினா சூடாவும் சார்," என்றாள் பூங்கோதை. "ஆனா கீழதான் சூடாவும். மூடி சூடாவாது. அது ஸ்கிரீனோட முதுகு."

"அதேதான்," என்றாள் முபீனா. "உள்ளேருந்து வந்த சூடு இல்ல இது. வெளியிலேருந்து வந்தது."

லேப்டாப்பை மெல்லத் திருப்பினாள். அடியில் நாலு ரப்பர் கால்கள். மூன்று ஒழுங்காக இருந்தன. நாலாவது, பசை இளகி அரை அங்குலம் வழுக்கி, கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பசையில் ஒரு சின்ன நார். பழுப்பு நிறம். முபீனா அதைக் குண்டூசியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சாக்கு நாரு," என்றார் பக்கிரி, மூக்கை மட்டும் கிட்டக் கொண்டுபோய்.

அஷ்ஃபாக் தலையில் அடித்துக்கொண்டான். "அப்படிப் போடுங்க! சூடு ஏறினா ப்ராஸஸர் தானாவே வேகத்தக் கொறச்சிக்கும் லாத்தா. உள்ள கருகிடக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அந்த நேரத்துல எந்த எடிட்டரத் தொறந்தாலும் நொண்டும்."

"மலையேறுற வண்டி ரேடியேட்டர் கொதிச்சதும் ஓரங்கட்டுற மாதிரி," என்றார் பக்கிரி.

"காலைல நாலு எடிட்டரும் ஆறின மெஷின்ல ஓடியிருக்குது," என்றாள் முபீனா. "தும்பி மட்டும் சூடான மெஷின்ல. நடுவுல இருந்தது சாப்பாட்டு நேரம். ஒரு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் யாரு எங்க இருந்தீங்க?"

அஷ்ஃபாக் பூங்கோதையைப் பார்த்தான். பூங்கோதை கூரையைப் பார்த்தாள்.

பக்கிரி குதூகலமாகிவிட்டார். வில்லன் இல்லாத கேஸ் அவருக்கு உப்பில்லாத மோர் மாதிரி. "ஆங்! மாட்டிக்கிச்சு மேடம்! ரெண்டு பேரும் கூட்டு! தும்பி ஜெயிச்சா வி.எஸ். கோடுக்கும் மரியாத இல்ல, விம்முக்கும் மரியாத இல்ல. சொல்லுங்க, யாரு சாக்கு? யாரு சூடு?"

"நாங்க இங்க இல்ல," என்றான் அஷ்ஃபாக். "பின்னால ரூம்ல இருந்தோம்."

"என்ன பண்ணினீங்க?"

"அத சொல்ல முடியாதுங்க."

"பாத்தீங்களா மேடம்! சொல்ல முடியாதாம்!"

பூங்கோதையின் முகம் சூளை வாய் மாதிரி சிவந்தது. "நானே சொல்லிடறேன். நான் அஷ்ஃபாக் சீட்டுல உக்காந்து வி.எஸ். கோடு பழகினேன்."

பழமலைநாதன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீயா? விம்மு கட்சி பூங்கோதையா?"

"அந்தச் செவப்புக் கோடு நல்லாருக்குது சார்," என்றாள் அவள் அழாக்குறையாக. "ஒரு மாசமா தெனம் சாப்பாட்டு நேரத்துல ஒளிஞ்சு ஒளிஞ்சு பழகறேன். மவுஸக்கூடப் புடிச்சேன்."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அல்லா மேல ஆணையா வாக்கு குடுத்திருந்தேன் லாத்தா," என்றான் அஷ்ஃபாக். இத்தனை நாள் கீரியும் பாம்புமாகச் சண்டை போட்டவன், எதிரியின் மானத்தைக் காப்பாற்ற ஏமாற்றுப் பட்டம் சுமக்கவே தயாராக நின்றிருக்கிறான். பிள்ளைகள் இப்படித்தான். வாயில் ஒன்று இருக்கும், வயிற்றில் வேறொன்று இருக்கும்.

பக்கிரிக்குத்தான் பெரிய ஏமாற்றம். வில்லன் ஒருவன்கூடத் தேறவில்லை.

முபீனா நாரைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள். "சூடு வெளியிலேருந்து வந்துது. சாக்கும் வந்துது. சாக்கப் புடிச்சு சூடான சாமானத் தூக்கறவங்க எங்க இருப்பாங்க? வாங்க பக்கிரிண்ணே, கீழ போவோம்."

"நானும் வரேங்க," என்றாள் கயல்விழி. அன்றைக்கு அவள் தானாகப் பேசின முதல் வார்த்தை அதுதான். குரலில் ஒரு பதற்றம் இருந்தது.

மாடிப்படி இறங்கினால் சூளைக் கொட்டகை. வாசலிலேயே முகத்தில் சூடு அறைந்தது. வரிசை வரிசையாகப் பலகைகளில் பச்சைப் பொம்மைகள், அதாவது இன்னும் சுடாத பிள்ளையார்கள், தும்பிக்கையை மடித்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தன. தரை, தூண், டியூப்லைட் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. பக்கிரி நாலு எட்டு வைப்பதற்குள் அவர் மீசையும் நரைத்துவிட்டது.

சூளையை ஒட்டி இடுப்பு உயரத்தில் ஒரு செங்கல் திட்டு. அதன்மேல் பத்துப் பதினைந்து பச்சை அகல்கள், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தட்டு அப்பளம், நமுத்துப்போன ஒரு தீப்பெட்டி, ஒரு ஜோடி புதுச் செருப்பு. பக்கத்தில், நாலாக மடித்த சாக்கு.

திட்டின் முன்னால் தலைப்பாகை கட்டிய ஒருவர் அகல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க. நான் சுப்புராயன். சூளை பாத்துக்கறது நான்தான். கிட்டப் போவாதீங்க, சுடும்."

"இந்தத் திட்டு எதுக்குங்க?" என்று முபீனா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"இதாம்மா எல்லாத்துக்கும் ஆதாரம்! பச்சையா இருக்கறதத் தூக்கி நேரா நெருப்புல வெச்சா படார்னு வெடிச்சிடும். மொதல்ல இந்தத் திட்டு மேல மூடி வெச்சு, மெதுமெதுவா எளஞ்சூடு ஏத்தணும். அப்பறம் எவ்வளவு சூட்டையும் தாங்கும். பொம்மைக்கு மட்டுமில்ல, எந்தப் புது சாமானுக்கும் இது நல்லதும்மா. இந்தா, இது எம் மச்சான் செருப்பு. நாளைக்கித்தான் மொதமொதலாப் போடறான்."

"செருப்பு வெடிச்சிடுமாங்க?" என்றார் பக்கிரி.

"எதுக்கு வம்பு? எளஞ்சூடு வெச்சிட்டாப் போச்சு. எம் பொண்ணு இங்க வேலைக்கி வந்தாள்ல, இன்டர்வியூவுக்கு மொத நாளு அவ சர்ட்டிபிகேட்டு ஃபைல இங்கதான் வெச்சேன். மழைக்காலம் வேற. மறுநாளே வேல கெடச்சுது!"

பக்கிரியின் மண்டைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உருண்டது. "உங்க பொண்ணு…?"

"இந்தா, ஒங்க பின்னால நிக்கிறாளே."

பக்கிரி திரும்பினார். கயல்விழி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறையத் தண்ணீர். வேண்டாம், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சுப்புராயன் அதைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, பெருமை தாங்காமல் சொன்னார்: "நேத்து அவளோட தும்பி மொதமொதலா வெளியாளு முன்னால ஏறுற நாளு. பிள்ள சாப்பிடப் போயிருந்தா. நான் மாடிக்குப் போயி அந்தப் பொட்டியப் பூ மாதிரித் தூக்கியாந்து, ஒரு மணி நேரம் திட்டு மேல வெச்சு, மேல சாக்கப் போத்தி, பதமா சூடு ஏத்தி, சத்தம் போடாம திருப்பிக் கொண்டுபோய் வெச்சிட்டேன். எவ்வளவு பெரிய மெஷினாருந்தா என்ன, மொத தடவைங்கறது மொத தடவதான?"

பக்கிரியின் வாய் திறந்தது. இருபத்திரண்டு வருஷம் யாருக்காகவும் நின்றிராத வாய். "யோவ், நீதான்யா அந்த—"

அதற்குமேல் வரவில்லை. முபீனாவின் செருப்புக் குதி அவர் கால் கட்டைவிரலில் இறங்கியிருந்தது.

"அந்த… அந்த அப்பளம் ரொம்ப நல்லாருக்குதுன்னு சொல்ல வந்தேங்க," என்றார் பக்கிரி, கண்ணில் நீரோடு.

"ரெண்டு எடுத்துக்கங்க," என்றார் சுப்புராயன்.

கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்து முபீனா கேட்டாள்: "நேத்தே உனக்குத் தெரியும், இல்லியா?"

கயல்விழி கண்ணைத் துடைத்தாள். "சாப்பிட்டு வந்து கைய வெச்சதும் சுட்டுதுங்க. அப்பா வாசல்ல நின்னு சிரிக்கிறாரு. சாக்க மடிச்சிக்கிட்டே சிரிக்கிறாரு. அந்த சார் உக்காந்திட்டாரு, ஓனரு ஆரம்பி ஆரம்பின்னு கத்தறாரு. மெஷின் சூடாயிடுச்சின்னு நான் வாயத் தொறந்தா, அது அப்பா காதுலதான வுழும்? ரெண்டு வருஷ உழைப்ப நீதான் கெடுத்தேன்னு அவருகிட்ட எப்படிங்க சொல்றது? வேல போனா வேற தேடிக்கலாம். இது தெரிஞ்சா அவரு அப்பறம் ஒரு அகலக்கூட தைரியமாத் தொட மாட்டாருங்க."

பக்கிரி அப்பளத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஏமாற்றினவள் என்று பட்டம் கட்டி வெளியே அனுப்பினாலும் போகிறேன் என்று நிற்கிற பெண்ணைப் பார்த்து, ஜன்னல் பக்கம் திரும்பினாள் என்று சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மேடம், பேர சொல்லாம கேஸ முடிக்க முடியுங்களா?"

"பாப்போம்," என்றாள் முபீனா. "மொதல்ல அப்பளத்தத் தின்னுங்க. சத்தமில்லாம."

பழமலைநாதன் நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் சொன்னால், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கு அது சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் முபீனா அவர் முன்னால் நின்று அளந்து பேசினாள்.

"முந்தாநாளு இந்தப் பொண்ணு காட்டின ரெண்டு விநாடி நெசம். நேத்து மெஷின் சூடாருந்துது. அதனாலதான் பத்தொம்போது. தும்பி மேல குத்தம் இல்ல, கயல் மேலயும் இல்ல. ஆறின மெஷின்ல அஞ்சு எடிட்டரையும் மறுபடி ஓட்டிப் பாருங்க, தெரியும்."

"சூடாக்குனது யாரு? பேரச் சொல்லுங்க!"

"நீங்க கேட்டது ஏமாத்துனவங்க பேரு. யாரும் ஏமாத்தலீங்க."

"இல்லம்மா, அந்த ஆளு—"

"சார், நீங்க கேட்ட கேள்விக்கு பதில் குடுத்துட்டேன். புதுக் கேள்வின்னா புது ஃபீஸு."

புது ஃபீஸ் என்றதும் பழமலைநாதனுக்கு அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் ஆசை அப்படியே வடிந்துபோனது. எதற்கும் இருக்கட்டும் என்று லேப்டாப்பை ஃபேனுக்கு நேராக வைக்கச் சொல்லிவிட்டு, மோர் வாங்க ஆள் அனுப்பினார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்கள் இல்லையா? பக்கிரியும் அப்படித்தான் நினைத்து மாடிப்படியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலை நீவிக்கொண்டிருந்தார். மணி மூன்று. கீழேயிருந்து காலடிச் சத்தம். பார்த்தால், சுப்புராயன். தோளில் சாக்கு.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"பொட்டிய எடுக்கத்தான். நேத்து ஏதோ சரியாப் போவலியாமே? எனக்கு அப்பவே தெரியும். ஒரு மணி நேரம் பத்தாது. அவசரப்பட்டு எடுத்திட்டேன். எந்தப் பக்குவத்துக்கும் ரெண்டு மணி நேரமாவது வேணும். இப்ப ஒரு மணி நேரந்தான் இருக்குது, அதனால திட்டுல வேணாம், நேரா சூளை வாய்கிட்டயே வெச்சிடலாம்னு பாக்கறேன்."

மேலே கூப்பிட்டால் பழமலைநாதன் வருவார். பழமலைநாதன் வந்தால் விஷயம் வெளியே வரும். விஷயம் வெளியே வந்தால், இந்த மனிதரின் சிரிப்பு போய்விடும். சும்மா இருந்தாலோ தும்பி சாம்பல். எழுந்து படியை அடைத்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் எத்தனையோ பேரை ஃபுட்போர்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறார், கீழே இறக்கியிருக்கிறார். எல்லாம் அதட்டல்தான். இந்த ஆளை அதட்ட முடியாது.

"அண்ணே," என்றார் மெதுவாக. "எனக்கு ஒரு சந்தேகம். பச்சைப் பிள்ளையார இளஞ்சூடு வெப்பீங்க. அப்பறம் சூளையில சுடுவீங்க. சுட்டு எடுத்தப்பறம் திரும்பவும் திட்டு மேல வெப்பீங்களா?"

சுப்புராயனுக்கு அந்தக் கேள்வி கேட்டதே அவமானமாக இருந்தது. "சுட்டதயா? எவனாவது வெப்பானா? அதான் வெந்துடுச்சே!"

"தும்பி நேத்தே வெளியாளு முன்னால ஏறிடுச்சே. நல்லதோ கெட்டதோ, மொத சூட்டப் பாத்தாச்சு. இப்ப அது பச்சையா, வெந்ததா?"

சுப்புராயன் சாக்கைத் தோளிலிருந்து இறக்கினார். யோசித்தார். தொழில் தெரிந்தவர் யோசிக்கிற யோசனை அது. பொய் சொல்லி அதை ஏமாற்ற முடியாது. நல்லவேளை, பக்கிரி சொன்னதில் பொய்யே இல்லை.

"வெந்ததுதான்," என்றார் கடைசியில்.

"அப்ப?"

"இனிமே ஆறத்தான் வுடணும். சூட்டோட கை வெச்சா விரிஞ்சிடும்." சட்டென்று அவர் முகம் மாறியது. "யாராச்சும் அத ஆற வுட்டீங்களா இல்லியா? காத்து படற மாதிரி வெச்சிருக்கீங்களா?"

"ஃபேனுக்கு நேரா வெச்சிருக்குதுண்ணே."

"ஃபேனு மெதுவா சுத்தணும். வேகமா சுத்தினா ஒரு பக்கமா ஆறும்," என்று சொல்லிவிட்டு, அதைச் சரிபார்க்க அவரே மாடியேறிப் போனார். பக்கிரி சுவரில் சாய்ந்து, தன் வாய்க்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நன்றி சொன்னார்.

நாலு மணிக்குக் கடலூர்க்காரர் வந்தார். வி.எஸ். கோடு ஒன்பது விநாடி. ஸப்லைம் மூன்று, ஸெட் இரண்டரை, விம் ஒன்றரை. எல்லாம் நேற்றுக் காலையில் இருந்தபடியே. கயல்விழி தும்பியைத் திறந்தாள். ஒன்று. ஒன்றே முக்கால். நாலு லட்சம் வரியும் திரையில் வந்து நின்றன. அஷ்ஃபாக் விசில் அடித்தான். பூங்கோதை கயல்விழியின் முதுகில் ஒரு அறை விட்டாள்.

கடலூர்க்காரர் ஒரு சின்ன ப்ரோகிராமைத் திறந்து ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக மாற்றினார். 'இந்த வரியில் ஒரு அடைப்புக்குறி குறையுது, பாருங்க' என்று தும்பி தமிழில் சொன்னது. அவர் சிரித்தார். "விம்மு இன்னும் வேகம்தான். ஆனா எம் பசங்க அதுக்குள்ள போனா வெளிய வர மாட்டாங்க. இதையே போட்டுக் குடுங்கம்மா. இருநூறு மெஷின்லயும்."

பழமலைநாதன் கயல்விழியின் பக்கம் திரும்பி என்னவோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைக் கனைத்து, கடைசியில் தன் மோரை அவளிடம் நீட்டினார். அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அவள் வாங்கிக் குடித்தாள்.

வாசலில் சுப்புராயன் நின்றார். நேற்று நின்ற அதே இடம், அதே சிரிப்பு.

"பாத்தியா கயலு? நேத்து ஏத்தின சூடு. இன்னிக்கித்தான் புடிச்சிருக்குது."

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பழமலைநாதனின் புருவம் மேலே போனது. மேலே போனதோடு நின்றது. ஏனென்றால் முபீனா அவரை நேராகப் பார்த்து, புது ஃபீஸ் என்பதுபோல விரலைத் தேய்த்துக் காட்டினாள்.

கயல்விழி அப்பாவிடம் போய் அவர் தோளில் இருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"ஆமாம்ப்பா. அதனாலதான்."

சுப்புராயன் கடலூர்க்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்த இருநூறு மெஷினயும் எப்ப அனுப்பறீங்க? நம்ம திட்டு மேல ஒரு நேரத்துக்கு ஆறுதான் கொள்ளும். நான் இப்பவே போயி இன்னும் நாலு வரிச கல்லு கட்டிடறேன்."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அவரை நிறுத்த ஓடுவதற்குத் தோதாக முபீனா தன் கால் செருப்பைக் கழற்றினாள்.

"பக்கிரிண்ணே," என்றாள், "ஓடுங்க."